பிழைக்க வந்த வீட்டில் பாலன் பிறப்பு

(திருவருகைக் காலம் தொடங்கும் வாரத்தில் ஒசூரை அடுத்த ஜூஜுவாடியில் இளம் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து சற்று தூரம் போனால் சோதனைச் சாவடி. அதற்கப்பால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றை நம்பித் தெற்கேயிருந்து ரயிலேறி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எலத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த பழைய கத்தோலிக்கக் குடும்பங்களும் இருக்கின்றன. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். சபைகள் வேறு வேறு. ஆனால் என்னிடம் நீங்கள் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றேதான். "கிறிஸ்துமஸ்னா என்னன்னு பிள்ளைகிட்ட கேட்டா புது டிரஸ், கேக், ஸ்டார்னு சொல்லுது. இயேசுன்னு சொல்ல மாட்டேங்குதே, என்ன செய்றது?"

இந்தக் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைமேல் தவறில்லை. நாம் சிறுவயதில் எப்படித் தெரிந்துகொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். மெஞ்ஞானபுரத்திலோ நாசரேத்திலோ இடையன்குடியிலோ பிறந்த பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. ஊரே சொல்லிக் கொடுத்தது. விடிவதற்கு முன் கோயில் மணி அடிக்கும். வீடு வீடாகப் பாடி வரும் கீத பவனி வாசலுக்கு வரும். ஆச்சி முந்திரிக்கொத்துக்கு மாவு பிசைந்துகொண்டே மரியாளும் யோசேப்பும் இடம் தேடி அலைந்த கதையைச் சொல்வாள். ஞாயிறு பள்ளியில் யாராவது ஒருவர் வேட்டியைத் தலையில் கட்டி நம்மை மேய்ப்பனாக நிறுத்திவிடுவார். அத்தனை பேர் சேர்ந்து செய்த வேலை அது.

இங்கே லைன் வீட்டில் அந்த ஆச்சி இல்லை. மணிச்சத்தத்துக்குப் பதில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறது. அதற்கடுத்த வீட்டில் திருவண்ணாமலைக்காரர்கள். ஊர் செய்து வந்த வேலை முழுவதும் இப்போது இரண்டே பேர் கைக்கு வந்திருக்கிறது, அந்த இரண்டு பேரும் வேறு வேறு ஷிப்டில் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: ஊர் செய்ததை வீடு செய்தாக வேண்டும். அதைச் சிறிய அளவில், பிள்ளையின் கையால் செய்ய வைக்க வேண்டும். காதால் கேட்டதைவிடக் கையால் செய்ததைத்தான் குழந்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளும்.

காலமும் நமக்கு ஒத்துழைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில்தான் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் கணக்குப் பரீட்சைக்கும் அறிவியல் பரீட்சைக்கும் நடுவே மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பக்கம் பெங்களூரு மால்களில் நவம்பரிலேயே மரம் நட்டு விளக்குப் போட்டுவிடுகிறார்கள். பரீட்சை முடிந்த அன்று பிள்ளையை நேராக அங்கே கூட்டிப்போனால், அதன் கண்ணுக்கு அதுதான் கிறிஸ்துமஸ். மாலுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அது முதலாவதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் வீட்டில் ஒன்று தொடங்கியிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அதை இயேசு பிறந்த கதையிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கதை நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நாமே கவனிக்கத் தவறிவிட்டோம். நம் பிள்ளைகளின் அப்பாவைப் போல யோசேப்பும் கைத்தொழில்காரர். தச்சர். அகுஸ்து ராயன் குடிமதிப்பு எழுத உத்தரவு போட்டான்; அரசாங்கப் பதிவேட்டுக்காக நிறைமாதக் கர்ப்பிணியோடு அவர் புறப்பட வேண்டியதாயிற்று. ஆதாருக்கும் ரேஷன் கார்டு முகவரி மாற்றத்துக்கும் லீவு போட்டு அலைந்த நமக்கு அது புரியாதா? நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ஒசூரிலிருந்து கிட்டத்தட்டச் சேலம் வரை. "அவ்வளவு தூரமும் பஸ் கிடையாது" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை கண்ணை அகல விரிக்கும். போன இடத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. கையில் முன்பணம் இல்லாமல் வாடகை வீடு தேடிய நாட்களை நினைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கள், குரல் தானாக மாறும்.

லூக்கா இன்னும் ஒன்று எழுதுகிறார், அதை நாம் பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. குழந்தையைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது பெற்றோர் செலுத்திய பலி இரண்டு பறவைகள். நியாயப்பிரமாணத்தின்படி ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அந்த வீட்டில் ஆட்டுக்குட்டி வாங்கப் பணம் இல்லை. இந்த வருஷம் போனஸ் குறைந்துவிட்டது, பிள்ளை கேட்டதை வாங்க முடியவில்லை என்று தலைகுனிந்திருக்கும் தகப்பன் இங்கே யாராவது இருந்தால், இந்தப் பகுதியைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

பிறகு, குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா. இராத்திரியோடு இராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நாட்டின் எல்லையைத் தாண்டி எகிப்துக்குப் போனார்கள். எகிப்தின் மொழி வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. இரண்டு மாநிலத்துக்கு நடுவில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு எல்லை என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இயேசு முதன்முதலில் நடை பழகியது அந்நிய ஊரிலாகக்கூட இருந்திருக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கன்னடம் வராமல் அழுதுகொண்டு வந்த பிள்ளை அன்றைக்கு அந்தக் குழந்தையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

யோசேப்பைப் பற்றி இன்னொன்று. உலகத்தில் எத்தனையோ மொழிகளில் கிறிஸ்தவ இலக்கியம் உண்டு. நம் தமிழில் ஒரு தச்சருக்குக் காப்பியமே இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணி, 36 படலம், 3,615 பாடல். அதன் தலைவன் வளன், அதாவது யோசேப்பு. ராஜாக்களையும் வீரர்களையும் பாடிய மொழியில் உழைப்பாளி ஒருவரைக் காப்பியத் தலைவனாக்கி வைத்திருக்கிறார். லேத்தும் சி.என்.சி.யும் ஓட்டி நகக்கண்ணில் ஆயில் கறையோடு வீட்டுக்கு வரும் அப்பாவின் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா? பாடல்கள் கடினம்தான். பெரிய எழுத்தில் காப்பியத்தின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போதும். மற்றதை அது வளர்ந்து படிக்கட்டும்.

இனி, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தார். அன்றைக்கு அதில் சுரூபமே கிடையாது. நிஜத் தொழுவத் தொட்டி, நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை. ஊர் ஜனங்கள் பந்தம் ஏந்தி இராத்திரியில் வந்தார்கள். பிரான்சிஸ் சுவிசேஷத்தைப் பாடிவிட்டுப் பேசினார். பெத்லகேம் என்ற பெயரை அவர் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இழுத்துச் சொன்னாராம். இதை அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா பதிவுசெய்திருக்கிறார். குழந்தைகளுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை இதைவிடச் சிறப்பாக ஒருவர் காட்ட முடியாது. ஒரு மகான் "பெ...த்லகேம்" என்று கத்திக் காட்டியிருக்கிறார் என்றால் நீங்களும் நானும் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவர் தேடியது நிஜத்தை. நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடையில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விற்கிறார்கள், அது வேண்டாம். இந்தச் சீமையில் ராகி அறுவடை முடிந்து களத்துமேட்டில் தாள் போர் போட்டிருக்கும் நேரம் இது. பேகேபள்ளிப் பக்கமோ தளி ரோட்டிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், மாடு வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டு ஒரு கை ராகித் தாள் வாங்கி வாருங்கள். அப்படியே மாட்டுத் தொட்டியைக் காட்டுங்கள். நம் மாவட்டத்தில் இன்னும் கல்லில் குடைந்த தொட்டிகளைப் பார்க்கலாம். இஸ்ரவேல் நாட்டில் மெகிதோ போன்ற இடங்களில் தோண்டியெடுத்த பழங்காலத் தொட்டிகளும் கல்லில் குடைந்தவைதான். மாட்டின் நாக்குப் பட்டுப் பட்டு விளிம்பு வழுவழுப்பாகியிருக்கும். அடியில் தவிடு ஊறிப் புளித்த வாடை அடிக்கும். ஈ மொய்க்கும். பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே தொட வையுங்கள், மார்கழிக் குளிரில் சில்லென்று இருக்கும். ஒசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது, குளிருக்குப் பஞ்சமில்லை. "இதில்தான் பாப்பாவைப் படுக்க வைத்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை என்ன கேட்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பளபளக்கும் குடிலை எத்தனை வருஷம் காட்டினாலும் இந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் பிள்ளையிடம் உண்மையாக இருங்கள். மாடும் கழுதையும் சுவிசேஷத்தில் இல்லை. ஏசாயா புத்தகத்தின் தொடக்கத்தில் தன் எஜமானை அறிந்த மாடும் கழுதையும் வருகின்றன. அங்கிருந்துதான் சபை அவற்றைக் குடிலுக்குக் கொண்டுவந்தது. எது வேதத்தில் உள்ளது, எது நாம் அன்பினால் சேர்த்தது என்று சிறு வயதிலேயே பிரித்துச் சொன்னால், பின்னால் ஒருவர் வந்து கேள்வி கேட்கும்போது பிள்ளையின் விசுவாசம் ஆட்டம் காணாது.

குடிலை ஒரே நாளில் கட்டி முடிக்காதீர்கள். முதல் ஞாயிறு வெறும் தொட்டி. பிறகு தினம் ஒரு தாள். நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு தாள் போடும் வழக்கம் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. அழகான வழக்கம்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம். "நீ தம்பியை அடித்தாய், இன்றைக்குத் தாள் கிடையாது" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டால், தொட்டி மார்க் ஷீட் ஆகிவிடும். பரீட்சை மாதத்தில் பிள்ளைக்கு இன்னொரு பரீட்சை வேண்டாம். அடித்த பிள்ளையும் தாள் போடட்டும், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போடட்டும். நாம் நல்லவர்களாக இருந்ததால் அவர் பிறக்கவில்லையே. பாலன் சுரூபம் மட்டும் 24-ஆம் தேதி இரவு வரைக்கும் பீரோவில் இருக்கட்டும். காத்திருப்பது என்றால் என்னவென்று குழந்தைக்கு வேறெப்படித் தெரியும்?

காத்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் திருவருகை வளையமும் வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோகான் ஹின்ரிக் விச்செர்ன் என்ற போதகரிடம் பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா?" என்று நச்சரித்தார்கள். 1839-இல் அவர் ஒரு மரச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். வார நாளுக்குச் சிறிய சிவப்பு, ஞாயிற்றுக்குப் பெரிய வெள்ளை. தினம் ஒன்று ஏற்றினார். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு விடை கிடைத்தது. நாம் நான்கு மெழுகுவர்த்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். குடும்ப ஜெபம் எட்டு மணிக்கு என்று சட்டம் போட்டால் ஷிப்ட் மாறும் வீட்டில் அது நடக்காது. அப்பா முதல் ஷிப்ட் என்றால் மாலையில் ஏற்றுங்கள், இரண்டாம் ஷிப்ட் என்றால் காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஏற்றுங்கள். ஐந்து நிமிஷம் போதும். தீக்குச்சி உரசுவது அம்மா, ஏற்றுவது அப்பா, ஊதி அணைப்பது பிள்ளை. அந்த ஊதுகிற வேலைக்காகவே பிள்ளை ஜெபத்துக்கு ஓடி வரும், வரட்டும்.

குடில் வைக்காத சபைகளைச் சேர்ந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் மனச்சாட்சியை நான் மதிக்கிறேன். உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் முதல் தேதி முதல் அதிகாரம், 24-ஆம் தேதி கடைசி அதிகாரம். சின்னப் பிள்ளைக்கு முழு அதிகாரம் வேண்டாம், ஒரு சம்பவம் எடுத்துச் சொல்லுங்கள். குடில் வைக்கிறவர்களும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்றே சொல்வேன். இல்லாவிட்டால் இயேசு என்றால் என்றைக்கும் பாப்பா என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்தக் குழந்தை வளர்ந்தது, நோயாளியைத் தொட்டது, பிள்ளைகளை அருகில் அழைத்தது, சிலுவையில் மரித்தது, உயிர்த்தது. பண்டிகைக்கு முந்தின இரவு உயிர்த்தெழுதலைப் படித்துவிட்டுப் படுத்த பிள்ளைக்கு, விடிந்தால் யாருடைய பிறந்தநாள் என்பதில் சந்தேகம் இருக்காது.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீத பவனியில் முகமூடி போட்டு ஆடிக்கொண்டு மிட்டாய் எறிபவரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவர் வரட்டும். ஆனால் "நீ சமத்தாக இருந்தால் தாத்தா ராத்திரி பரிசு கொண்டுவருவார்" என்று சொல்லாதீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மீரா நகரில் ஆயராயிருந்த நிக்கோலாஸ். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக இருட்டில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்புகளை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. சீதனம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டுத் தகப்பனுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் திருநாள் டிசம்பர் 6. அன்றைக்குப் பிள்ளை வாங்கிக்கொள்ள வேண்டாம், கொடுக்கட்டும், அதுவும் தெரியாமல் கொடுக்கட்டும். தெரு கூட்டும் அக்காவின் வண்டியில் ஒரு பொட்டலம் பிஸ்கட் வைத்துவிட்டு ஓடி வந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும்.

கொடுப்பதற்கு நிறையப் பணம் தேவையில்லை. மிசோரமில் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியால் எத்தனையோ ஊழியங்கள் நடந்திருக்கின்றன. இந்த நான்கு வாரம் நம் வீட்டிலும் ஒரு டப்பா வையுங்கள். அம்மாவின் கை வேண்டாம், பிள்ளையின் சின்னக் கை. தினம் இரண்டு வேளை என்றாலும் பண்டிகைக்குள் ஒரு குடும்பம் பொங்கிச் சாப்பிடுகிற அளவு சேர்ந்துவிடும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பெரியவர்களைவிட அது சரியாகச் சொல்லும். பக்கத்து வீட்டாருக்கு முறுக்குத் தட்டைக் கொண்டுபோவதும் பிள்ளையாகவே இருக்கட்டும். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்த அதிரசத்தைச் சாப்பிட்டவர்கள்தானே நாம். "என்ன விசேஷம் பாப்பா?" என்று அந்த அக்கா கேட்பார். "இயேசு சாமிக்குப் பிறந்தநாள்" என்று அது சொல்லும் ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த நான்கு வாரப் பாடும்.

பாட்டு ஒன்று கட்டாயம் வேண்டும், தமிழ்ப் பாட்டு. தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்து, சரபோஜி மன்னருக்குப் பள்ளித் தோழராயிருந்த வேதநாயகம் சாஸ்திரியார், தெருவில் ஆடிப்பாடும் குறவஞ்சியை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி செய்தார். ஜனங்கள் கையில் எது இருந்ததோ அதிலேயே ஆண்டவரை வைத்துக் கொடுத்தார். இங்கிலீஷ் கேரல் பள்ளியில் கற்றுக்கொடுப்பார்கள். வீட்டில் ஒரே ஒரு கீர்த்தனையை முழுமையாகக் கற்றுக்கொடுங்கள். போனில் ஆச்சிக்குப் பாடிக் காட்ட அது உதவும்.

ஆச்சி என்றதும் கடைசியாக ஒன்று. உங்களில் பலர் 23-ஆம் தேதி மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸிலோ நாகர்கோவில் வண்டியிலோ ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். அக்டோபரிலேயே டிக்கெட் போட்டிருப்பீர்கள். நல்லது, போங்கள். தாத்தா ஆச்சியோடு பண்டிகை கொண்டாடுவது பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய ஆசீர்வாதம். ஆனால் அன்றைக்கு ஜூஜுவாடியில் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். இந்த வீட்டுக்கென்று ஒரு நாள் வேண்டாமா? ஜனவரி 6 இருக்கிறது, மூன்று ராஜாக்கள் திருநாள். எத்தனை பேர் வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. கிழக்கிலிருந்து வந்தார்கள், வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைக் கண்டார்கள் என்கிறார். ஊரிலிருந்து திரும்பியதும் ராஜா பொம்மைகளை ஜன்னலில் வையுங்கள், மறுநாள் டி.வி. மேல், அடுத்த நாள் பிரிட்ஜ் மேல். பிள்ளையே நகர்த்தட்டும். ஆறாம் தேதி குடிலுக்கு வந்து சேரட்டும்.

அன்றைக்குத் தூரத்திலிருந்து வந்தவர்களைக் கூப்பிடுங்கள். கம்பெனி ஹாஸ்டல்களில் வடக்கேயிருந்து வந்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பண்டிகைக்கு லீவும் கிடைக்காமல், கிடைத்தாலும் ஊருக்குப் போய் வரப் பணம் போதாமல் இங்கேயே இருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. சோறும் அவரைக்காய்க் குழம்பும் போதும். அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றை அவர்கள் பாடட்டும், உங்கள் பிள்ளை தன் கீர்த்தனையைப் பாடட்டும். ஜனவரி 6 அன்று யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்று சூப்பர்வைசரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஹாஸ்டல் வார்டனிடம் அனுமதி கேட்கவும் ஒரு வாரமாவது வேண்டும்.